செயலாளருக்குக் கேட்கவில்லை

ஜனவரி 1, புதன்

தறிக்கு நூல் போடும் ஏஜென்ட் கொடுத்த டைரி. முதல் பக்கத்தில் சொந்த விவரங்களுக்குக் கட்டம் போட்டிருக்கிறார்கள். நிரப்பினேன். பெயர் வசந்தாமணி. வயது ஐம்பத்தாறு. ஊர் உடுமலைப்பேட்டை. தொழில், இருபத்துநான்கு விசைத்தறி. கணவர் குழந்தைவேலு, தென்னந்தோப்பு பார்க்கிறார். ரத்த வகை தெரியவில்லை, விட்டுவிட்டேன். கட்டத்தில் கேட்காத ஒன்றை ஓரத்தில் எழுதினேன்: அமராவதி சேவா சங்கத்தின் செயலாளர், வருகிற ஜூலையிலிருந்து தலைவர்.

தலைவர் என்று எழுதியது கொஞ்சம் அவசரம்தான். தேர்தல் பிப்ரவரி 19ஆம் தேதி. ஆனால் செயலாளராக இருந்தவரை அடுத்த வருடம் தலைவராக்குவது சங்கத்தில் முப்பத்தொரு வருட வழக்கம். அந்த முப்பத்தொரு பேரும் ஆண்கள். முப்பத்திரண்டாவது நான். இதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஜனவரி 4, சனி

வென்லா நம் வீட்டுக்கு வந்து மூன்று வாரம். பின்லாந்துப் பெண், பதினேழு வயது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருடம் இந்த ஊரில் படிக்க வந்திருக்கிறாள். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை சங்கத் தலைவர் ஆடிட்டர் கோபிநாத் வீட்டில் இருந்தாள், இப்போது நம்மிடம். ஊரில் எல்லோருக்கும் அவள் வெண்ணிலா. அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

நல்ல பிள்ளை. தட்டைக் கழுவி வைக்கிறாள், ரசத்தைக் குடிக்கிறாள். ஒரே ஒரு குறை. உதட்டைப் பிரிக்காமல் பேசுகிறாள். அந்த ஊர்க் குளிருக்கு வாயைத் திறக்க மாட்டார்களோ என்னவோ. அப்பா என்று இவரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள், இவர் சிரித்தார். என்ன என்றேன். இவர் எனக்காக இன்னொரு முறை சொன்னார். சாதாரண விஷயம்தான், தென்னை மரத்தில் அணில்.

மகள் ஹைதராபாத்திலிருந்து போன் செய்தாள். அங்கே லைன் சரியே இல்லை. இவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 8, புதன்

வாரக் கூட்டம். முப்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். வங்கி மேலாளர் ஒருவர் இணைய மோசடி பற்றிப் பேசினார். கூட்டம் நடக்கும் ஹோட்டல்காரரிடம் மைக் சரியில்லை என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லையே மேடம் என்கிறார். யாரும் சொல்லாவிட்டால் மைக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

கூட்டத்துக்கு இவரும் வந்து பக்கத்தில் உட்காருகிறார். குடும்பத்தார் வரலாம், தடையில்லை. ஆனால் இவருக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாராவது பேசினால் கடைசி வரியை என் பக்கம் திரும்பித் திருப்பிச் சொல்கிறார். "கண் சிகிச்சை முகாமை மார்ச்சுக்குத் தள்ளலாங்கிறாரு." "அவரு வரமாட்டாராமா." வயதாகிறது இவருக்கு. நான் ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தறிக்கு மூன்று நாள் விடுமுறை. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

பள்ளிக்கூட வேன் வரவில்லை என்று நானே ஸ்கூட்டரில் போய் வென்லாவைக் கூட்டி வந்தேன். வரும் வழியில் பின்னால் உட்கார்ந்து நிறையப் பேசினாள். இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை, சந்தோஷமாக இருந்தது. ஏதோ வாங்க வேண்டும் என்கிறாள் போலிருந்தது. சரி சரி, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அதன் பிறகு பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

என்ன வாங்க வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டினாள். இரண்டு சுடிதார் எடுத்துக் கொடுத்தேன்.

ஜனவரி 22, புதன்

காலையில் வென்லாவைத் தறிக்குடோனுக்குக் கூட்டிப் போனேன். உள்ளே வந்ததும் காதைப் பொத்திக்கொண்டாள். போனில் ஏதோ வைத்துச் சத்தத்தை அளந்து காட்டினாள், தொண்ணூற்றெட்டு டெசிபல் என்றிருந்தது. நல்ல தறி அப்படித்தான் ஓடும் என்றேன்.

தறிக்குடோனில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. தறி ஓட்டும் பொன்னாத்தா நாலு தறி தள்ளி நின்று பாவு நூல் அறுந்துபோச்சு என்றாலும் எனக்குத் தெரிந்துவிடும். அங்கே எல்லோரும் முகத்துக்கு நேராக, வாயைத் திறந்து பேசுவார்கள். வெளியில்தான் ஜனங்களுக்குப் பேசத் தெரியவில்லை.

மாலைக் கூட்டத்தில் கோபிநாத் சொன்னார்: அடுத்த வாரம் பேச்சாளர் நம் வென்லா. உணவு, பண்டிகை, பள்ளிக்கூடம், மூன்றைப் பற்றியும் நாலு வார்த்தை. நன்றியுரை நான். பரிமாற்றத் திட்டத்தைப் பார்க்கிற மாவட்ட அலுவலகத்திலிருந்தும் இருவர் வருகிறார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம், இனிப்பு, நூறு நோட்டுப் புத்தகம் வழங்கல். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எதற்கோ திரும்பினால் வென்லா பின்னால் நின்றிருக்கிறாள், கண் சிவந்திருக்கிறது. என்ன கண்ணு என்பதற்குள் போய்விட்டாள். உரைக்குப் பயப்படுகிறாள் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 29, புதன்

கூட்டம் நல்லபடியாக முடிந்தது.

இவருக்கு வெள்ளகோவிலில் ஒரு இழவு வீடு, வர முடியவில்லை. நானும் வென்லாவும் ஆட்டோவில் போனோம். நாற்பது பேருக்கு மேல். வென்லா நீலச் சுடிதாரில் நின்றாள், கையில் ஒரு தாள். இரண்டு நிமிடம் பேசியிருப்பாள். மைக் வழக்கம்போல். ஏசி வேறு. முன் வரிசையில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், தைரியம் வரட்டும் என்று. ஸ்கூல் என்பது வந்தது, ஃபிரண்ட்ஸ் என்றாள், ஹோம் என்றாள், மதர் என்று சொல்லும்போது என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

பிறகு நன்றியுரை. பள்ளியில் இத்தனை தோழிகள் கிடைத்ததும், எங்கள் வீட்டைத் தன் வீடாக நினைப்பதும் கேட்டு நெஞ்சு நிறைந்துவிட்டது என்றேன். இந்தத் திட்டத்தின் வெற்றிக்கு வென்லாவே சாட்சி என்று முடித்தேன்.

கைதட்டல் குறைவு. மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் சாப்பிடாமல் கிளம்பினார்கள். எங்கள் உறுப்பினர் வக்கீல் திருமூர்த்தி என்னைப் பார்த்துவிட்டுக் கோபிநாத்தைப் பார்த்தார். கோபிநாத் என்னிடம் ஏதோ சொன்னார், கீழே போனைப் பார்த்துக்கொண்டே. ஆமாங்க என்றேன்.

ஆட்டோவில் வென்லா அழுதாள். முதல் மேடை என்றால் அப்படித்தான் இருக்கும்.

ஜனவரி 30, வியாழன்

வென்லா பள்ளிக்குப் போகவில்லை. தலைவலி என்று இவரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஜனவரி 31, வெள்ளி

வாரக் கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். செயலாளர் எழுதி அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டும், பிறகுதான் அது பதிவாகும். வென்லாவின் உரையை ஒரு பத்தி எழுத வேண்டும். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. அவளிடம் அந்தத் தாளைக் கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

படித்தேன்.

பிப்ரவரி 1, சனி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதிவிட வேண்டும்.

அவள் ஆங்கிலத்தில் எழுதியதை நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன். நினைவிலிருந்து என்றாலும் ஒரு வார்த்தை தப்பாது, அத்தனை முறை படித்தாயிற்று.

"உணவு பற்றியும் பண்டிகை பற்றியும் பேசச் சொன்னார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்கும். பள்ளி பற்றிப் பொய் சொல்ல எனக்குத் தெரியாது. நவம்பரிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பில் திருப்புதல் தேர்வு நடக்கிறது. நான் இருந்தால் இடைஞ்சல் என்று என்னை நூலக அறையில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். காலை ஒன்பதிலிருந்து மூன்றரை வரை. சாப்பிடுவதும் அங்கேதான். எனக்கு அங்கே ஃபிரண்ட்ஸ் யாரும் இல்லை. என் வீட்டு அம்மாவிடம் ஸ்கூட்டரில் சொன்னேன், நான் தினமும் அழுகிறேன், ஊருக்குப் போக வேண்டும் என்று. சரி, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை உடை வாங்கித் தந்தார். மறுபடி சமையலறையில் சொன்னேன். பதில் இல்லை. அவர் அன்பானவர். ஆனால் இதைப் பற்றிப் பேச அவருக்கு விருப்பமில்லை என்று நினைக்கிறேன். அதனால் உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்."

இதைச் சொல்லி முடித்த பெண்ணிடம்தான், நாற்பது பேருக்கு முன்னால், கேட்டு நெஞ்சு நிறைந்துவிட்டது என்று நான் சொன்னேன்.

மத்தியானம் மாடிக்குப் போனேன். நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்து எதிரில் உட்கார்ந்தேன்.

"எனக்குக் கேக்கல, வென்லா." முதலில் தமிழில்தான் வந்தது. அப்புறம் ஆங்கிலத்தில் சொன்னேன். ஸ்கூட்டரில் நீ சொன்னது கேட்கவில்லை, சமையலறையிலும் கேட்கவில்லை, மேடையில் பேசியதில் ஐந்தாறு வார்த்தைக்கு மேல் கேட்கவில்லை.

"நீங்கள் சரி என்று சொன்னீர்கள், அம்மா," என்றாள். முகத்துக்கு நேராக இருந்ததால் ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது.

"கேக்காதப்பவெல்லாம் நான் சரின்னுதான் சொல்லுவேன். பல வருஷமா."

இந்த டைரியில் இதை முதல் முறையாக எழுதுகிறேன். ஒருவரிடம் சொன்னதும் முதல் முறை.

அப்படியானால் நீங்கள் என்னைத் தவிர்க்கவில்லையா என்று கேட்டாள். இல்லை கண்ணு என்றேன். அவள் அழவில்லை. நான்தான்.

ஊருக்குப் போக விரும்பினால் நானே கோபிநாத்திடம் பேசி அனுப்பி வைக்கிறேன், ஆனால் ஒரு மூன்று வாரம் எனக்குக் கொடு, பள்ளியை நான் பார்க்கிறேன் என்றேன். யோசித்து, பிப்ரவரி முடியும்வரை என்றாள்.

பிப்ரவரி 3, திங்கள்

பள்ளி முதல்வர் அறையில் ஒரு மணி நேரம். போனதும் சொல்லிவிட்டேன், எனக்குக் காது மந்தம், என்னைப் பார்த்துப் பேசுங்கள் என்று. வாயைவிட்டு வெளியே வர அந்த வாக்கியத்துக்கு வியர்த்தது. முதல்வர் உடனே குரலை உயர்த்திக் கத்த ஆரம்பித்தார். கத்த வேண்டாம், பார்த்தால் போதும் என்றேன்.

தேர்வு முடியும்வரை வேறு வழியில்லை, நூலகத்தில் ஏசி இருக்கிறது, அவளுக்கு வசதியாகத்தான் வைத்திருக்கிறோம் என்றார். அந்த அறையைப் பார்க்க வேண்டும் என்றேன். கூட்டிப் போனார்கள். நீள மேசை, ஒரே ஒரு நாற்காலி. மற்ற நாற்காலிகளைத் தேர்வு மண்டபத்துக்கு எடுத்துப் போய்விட்டார்களாம். மேசையில் அவள் டிபன் டப்பாவின் வட்டம் விழுந்திருந்தது.

இது சி.பி.எஸ்.இ. பள்ளி, பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு இல்லையே, அதில் உட்கார வையுங்கள் என்றேன். பதிவேட்டில் பன்னிரண்டு என்று இருக்கிறது என்றார். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக மூன்று மாதமாக வருகை போட்டிருக்கிறீர்கள், எந்த வகுப்பறையில் என்று மாவட்டத்துக்கு நான் எழுத வேண்டியிருக்கும் என்றேன். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டேன். பன்னிரண்டு மணிக்கு மேல் ஒத்துக்கொண்டார்.

நாளை முதல் பதினொன்று 'பி' பிரிவு.

பிப்ரவரி 5, புதன்

வாரக் கூட்டம். இவர் பக்கத்தில் வந்து உட்காரட்டுமா என்றார். இன்றைக்குப் பின்னால் உட்காருங்கள் என்றேன். வென்லாவும் வந்தாள்.

போன கூட்டத்தின் குறிப்பை வாசித்தேன். அவள் உரையை முழுதாகத் தமிழில் எழுதியிருந்தேன், ஒன்றையும் விடவில்லை. அதற்குக் கீழே எழுதியதையும் அதே குரலில் வாசித்தேன்.

"செயலாளர் தம் நன்றியுரையில் கூறியவை அனைத்தும் பிழை. மாணவி பேசியது செயலாளருக்குக் கேட்கவில்லை. கேட்டது போலத் தலையாட்டினார். இதே போல இதற்கு முன் பல கூட்டங்களிலும் நடந்திருக்கிறது. மாணவியிடம் செயலாளர் இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். குறிப்பு ஏற்கப்படுமா என்று சபை தெரிவிக்கவும்."

ஏற்கிறோம் என்று சொல்லக் கை தூக்க வேண்டும். யாருக்கும் கை எழவில்லை. இப்படி ஒரு குறிப்பை யாரும் கேட்டதில்லை. கோபிநாத்தான் முதலில் கை தூக்கினார். பிறகு எல்லோரும்.

உட்காரவில்லை. அடுத்த பொருளுக்குப் போனேன்.

பிப்ரவரி 8, சனி

கோயமுத்தூரில் காது பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னாள் ஒரு சின்னப் பெண். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "அம்மா, கேக்காதப்பவும் அமுக்கறீங்க," என்றாள். கையைக் கட்டிப்போட்டால்தான் ஆகும் போலிருக்கிறது.

வரைபடம் போட்டுக் காட்டினாள். கோடு இடது பக்கம் மேலே தொடங்கி, வலது பக்கம் மலைச்சரிவு மாதிரி இறங்குகிறது. தறிச் சத்தம் இருபத்தாறு வருடத்தில் செய்த வேலை. கனமான ஒலி கேட்கும், ச, ஸ, ஃப மாதிரி மெல்லியவை விழாது. அதனால்தான் பேசுவது கேட்கிறது போலவே இருக்கும், என்ன பேச்சு என்று புரியாது. போனது திரும்ப வராது. மிச்சம் இருப்பதைக் காதுக் கருவி வைத்துக் கூட்டிக் கேட்கலாம். இரண்டு காதுக்கும் அளவெடுத்தார்கள்.

திரும்பும் வழியில் பொள்ளாச்சி தாண்டி இவர் காரை ஓரமாக நிறுத்தினார். என் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். ஆறு வருடமாகத் தெரியும் என்றார்.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேன் வசந்தா. ரெண்டு மூணு தடவை. நீ சரின்னு சொன்னே."

சிரிக்க ஆரம்பித்தேன், அடக்க முடியவில்லை. இவரும் சிரித்தார். கூட்டத்தில் ஏன் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. வயதாகிறது என்று எழுதி வைத்திருக்கிறேன், அதை அடிக்கப் போவதில்லை. அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

வென்லாவிடம் வகுப்பு எப்படி என்று கேட்டேன். முதல் வாரம் எல்லோரும் அவள் முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம், பேசியது இரண்டு பேர்தான் என்றாள். நூலகத்தைவிடப் பரவாயில்லை, ஆனால் நன்றாக இருக்கிறது என்று இன்னும் சொல்ல மாட்டேன் என்றாள். சரி என்றேன். இந்த முறை கேட்டுவிட்டுச் சொன்ன சரி.

பிப்ரவரி 12, புதன்

கூட்டம் முடிந்ததும் வக்கீல் திருமூர்த்தி வீட்டுக்கு வந்தார். என்னைவிட எட்டு வயது சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். காபி குடித்துவிட்டு வெகு நேரம் தென்னை வெள்ளை ஈயைப் பற்றி இவரிடம் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

தலைவர் என்றால் கலெக்டர் அலுவலகம், மாவட்ட மாநாடு, போனிலேயே பாதி வேலை நடக்கும். நீங்கள் ஒரு வருடம் உடம்பைப் பாருங்கள், நான் இருந்து நடத்துகிறேன். உங்களைக் கௌரவ ஆலோசகராக அறிவித்துவிடலாம். எல்லோருக்கும் இதே எண்ணம்தான், உங்களிடம் சொல்லத் தயங்குகிறார்கள்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

"தம்பி, நீங்க நில்லுங்க. நானும் நிக்கறேன். ஓட்டுப் போடறவங்க பாத்துக்கட்டும்."

வழக்கப்படி போட்டியே வந்ததில்லை அக்கா, சங்கத்துக்குள் ஓட்டெடுப்பு வேண்டாமே என்றார். வழக்கப்படி பார்த்தால் நான்தானே தலைவர் என்றேன்.

பிப்ரவரி 15, சனி

கருவி மாட்டியாயிற்று. காது மடலுக்குப் பின்னால் ஒரு அவரைக்கொட்டை. செய்தித்தாளைப் புரட்டினால் தகரம் கிழிகிற மாதிரி இருக்கிறது. தறிக்குடோனில் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அங்கே காதடைப்பான் போட வேண்டும். பொன்னாத்தா கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் அப்படித்தானுங்கக்கா, ஊட்ல டிவி வெச்சா பக்கத்து ஊட்டுக்காரி சண்டைக்கு வர்றா," என்றாள். எனக்கும்தான் என்று நாலு பேர் கை தூக்கினார்கள். பிறகு இன்னும் மூன்று பேர்.

எத்தனை வருடமாக இவர்களுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன். இதை ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

பிப்ரவரி 19, புதன்

தேர்தல். சீட்டில் எழுதிப் போட்டார்கள். வந்தவர்கள் முப்பத்தேழு. திருமூர்த்திக்கு இருபது, எனக்குப் பதினேழு.

எழுந்துபோய்க் கைகுலுக்கினேன். அவர் என் காதருகில் குனிந்து சத்தமாக நன்றி அக்கா என்றார். "மெதுவாவே பேசுங்க தம்பி. என்னைப் பாத்துப் பேசுனா போதும்," என்றேன். நிமிர்ந்து, பார்த்து, மறுபடி சொன்னார்.

பிறகு செயலாளர் என்ற முறையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். மார்ச் மாதக் கண் முகாமோடு, விசைத்தறித் தொழிலாளர்களுக்குக் காது பரிசோதனை. ஊரைச் சுற்றி நூற்றுக்கும் மேல் தறிக்குடோன். இதுவரை யாரும் அவர்கள் காதைப் பார்த்ததில்லை. வழிமொழிந்தது திருமூர்த்தி. எதிர்ப்பு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பசி இல்லை என்றேன். இவர் தோசை ஊற்றிக் கொடுத்தார். மூன்று சாப்பிட்டேன். அடுத்த வருடத் தேர்தலுக்கும் நிற்பேன் என்று இவரிடம் சொன்னேன். தெரியும் என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

நேற்று எழுதாதது: தோற்றது வலிக்கிறது. பதினேழு பேர் யார் என்று யோசிக்கக் கூடாது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தறி ஐந்து, ஒன்பது இரண்டுக்கும் பாவு மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 27, வியாழன்

வென்லா கொடுத்த தவணை நாளையோடு முடிகிறது. பயணச்சீட்டை மாற்றுவதற்கான படிவத்தைக் கோபிநாத் அனுப்பியிருந்தார். அச்செடுத்து, என் கையெழுத்துப் போட்டு, மாலையில் அவளிடமே கொடுத்தேன். நான் வற்புறுத்தினேன் என்று பின்னால் அவள் நினைக்கக் கூடாது.

படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு, சனிக்கிழமை த்ரோபால் போட்டி இருக்கிறது, பதினொன்று 'பி'யில் ஆள் குறைகிறது என்று தன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்றாள். அவளுக்கு ஆடத் தெரியாதாம். தெரியாது என்று சொன்னதற்கு, உயரம் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"நான் ஜூன் வரை இருக்கிறேன் அம்மா," என்றாள். ஆங்கிலத்தில் இல்லை. தமிழில், ஒவ்வொரு சொல்லாக, வாயைத் திறந்து.

அழுகிற நாள் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். உங்கள் எதிரில் வந்து நின்று சொல்வேன் என்றாள்.

மார்ச் 1, சனி

பதினொன்று 'பி' தோற்றது. வென்லா இரண்டு பந்தைப் பிடித்தாள், ஒன்பதைக் கோட்டைவிட்டாள். முழங்காலில் சிராய்ப்பு. ஐந்து பெண்களோடு வீட்டுக்கு வந்தாள். மாவு காலி.

மார்ச் 5, புதன்

இன்றைய பேச்சாளர் கடைசி நேரத்தில் வரவில்லை. பேச்சாளரை ஏற்பாடு செய்வது செயலாளர் பொறுப்பு. என் பெயரையே போட்டேன். தலைப்பு: தறிச் சத்தமும் காதும்.

பத்து நிமிடம் பேசினேன். கோயமுத்தூர் வரைபடத்தைக் காட்டினேன். கேட்காதபோது சரி என்று சொல்வது எப்படி ஒரே வீட்டில் இருப்பவர்களைத் தனித்தனியாக்கும் என்று சொன்னேன். பின்வரிசையில் இவரும் வென்லாவும்.

பேசி முடிப்பது எனக்குப் புதிதல்ல. பத்து வருடமாக நான் ஓடி ஒளிந்தது அதற்குப் பிறகு வருவதிலிருந்துதான். எந்தக் கூட்டத்திலும், நேரமாகிவிட்டது, சாப்பிடலாம் என்று சொல்லிக் கேள்வி நேரத்தை வெட்டிவிடுவேன். இன்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"யாருக்காவது கேள்வி இருந்தா கேளுங்க."

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அரிசி ஆலை சென்னிமலை. பதினோரு வருட உறுப்பினர். ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை, கர்வம் என்றுதான் நாங்கள் எல்லோரும் பேசிக்கொள்வோம். எழுந்து நின்று ஏதோ சொன்னார். ஏசி சத்தமும் யாரோ நாற்காலியை இழுத்த சத்தமும் கருவிக்குள் ஒன்றாகப் புகுந்தன. எனக்குப் புரியவில்லை.

"கேக்கலீங்க. இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னார். இந்த முறையும் இல்லை. முன்னால் இருந்தவர்கள் திரும்பி எனக்கு எடுத்துச் சொல்லப் பார்த்தார்கள். வேண்டாம் என்று கை காட்டினேன். மேடையிலிருந்து இறங்கி, நடுவில் போட்ட விரிப்பு வழியாக, நாற்பது பேரையும் தாண்டி, கடைசி வரிசைக்கு நடந்து போய் அவர் எதிரில் நின்றேன்.

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தறிக்குடோனில் நாங்கள் பார்க்கிற மாதிரி.

"என்னையும் ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமுங்களா?" என்றார்.

வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரி, பார்க்கலாமுங்க என்று சொல்லிவிட்டு, முகாம் பட்டியலை எடுத்து முதல் வரியில் அவர் பெயரை எழுதினேன்.